ரிப்பேர்த் தெருவில் ஒரு நடை

எங்கள் தெருவுக்குப் பலகையில் எழுதிய பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. ரிப்பேர்த் தெரு என்றால்தான் ஆட்டோக்காரருக்கே புரியும். குடை, கைக்கடிகாரம், மின்விசிறி, செல்போன், சக்கரம் கழன்ற சூட்கேஸ் என்று எது கெட்டாலும் இங்கே கொண்டுவந்து கொட்டுவார்கள். என் கடை ஒரு கதவு அகலம்தான். ஜிப்பு மாட்டுவேன், பை தைப்பேன். அதனால் நான் ஜிப்பு அக்கா.

காலையில் மற்ற கடைகள் திறப்பதற்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். எல்லோரும் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பிய பிறகுதான் எழுந்திருப்பேன். வேலையில் என்ன அக்கறை என்று தெருவில் எனக்கு நல்ல பெயர். அக்கறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் இடது கால் வலது காலைவிடக் குட்டை. பிறவியிலேயே அப்படி. நான் நடப்பதை நாலு பேர் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. தெருவுக்கு இது தெரியாது என்றில்லை. தெரிந்திருப்பது வேறு, பார்த்துக்கொண்டிருப்பது வேறு.

டீ உட்கார்ந்த இடத்துக்கே வரும். சாப்பாடு டப்பாவில் இருக்கும். மத்தியானத்தில் தெரு கொஞ்சம் கண்ணயரும். எதிர்ச் சுவரில் வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். தையல் மெஷின் சத்தத்தில் எனக்கும் பாதித் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தில் எங்கெங்கோ போய்விட்டு வருவேன். கனவில் போகிறவளுக்குக் கால் எப்படியிருந்தால் என்ன? தன் காலைக் கனவில் யாரும் பார்ப்பதில்லை.

என் மகள் இரண்டு தெரு தள்ளியிருக்கும் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பிள்ளைகள் வரைந்த படங்களையும் செய்த இயந்திரங்களையும் வருஷா வருஷம் பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சியாக வைப்பார்கள். நான் ஒரு வருஷம்கூடப் போனதில்லை. ஒரு வருஷம் தலைவலி, ஒரு வருஷம் அவசர ஆர்டர், ஒரு வருஷம் மழை. அந்த மழை வேறெங்கும் பெய்யவில்லை என்பது அவளுக்கும் தெரியும். "பரவாயில்லம்மா" என்பாள்.

இந்த வருஷம் மண்டபத்தின் கூரை ஒழுகுகிறது என்று பூட்டிவிட்டார்கள். பள்ளியின் ஓவிய டீச்சர் ஒருநாள் எங்கள் தெருவுக்கு வந்தார். விரல் நகத்தில் எப்போதும் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான பெண். தெரு நடுவில் நின்று கேட்டார்.

"ஆளுக்கு ஒரு பிள்ளையோட வேலைய உங்க கடை வாசல்ல வச்சுக்க இடம் குடுப்பீங்களா? ஒரே ஒரு சாயங்காலம்தான்."

சாக்கடையைச் சுத்தம் செய்வதற்கு ஒரு மாதம் சண்டை போடுகிற தெரு இது. அன்றைக்கு டீச்சர் கையிலிருந்த டீ ஆறுவதற்குள் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கூத்து. சாவிக்கடைக்காரர் தனக்கு வந்த பையனை "எங்க பிள்ளை" என்று சொல்ல ஆரம்பித்தார். அவன் கெட்டுப்போன பூட்டுகளில் சின்னச் சின்ன முகங்கள் வரைந்திருந்தான். தண்ணீர் கேட்டு முணுமுணுக்கும் பூந்தொட்டி செய்த பெண்ணுக்கு விசிறிக்கடை முழுவதும் காலி செய்து கொடுக்கப்பட்டது. செல்போன் கடையில் ஒரு பையன் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு. தொலைந்துபோன ஒற்றைச் செருப்பு தன் ஜோடியைத் தேடி ஊரெல்லாம் அலையும். பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கே இல்லாத பெருமை இவர்களுக்கு. என் பிள்ளை உன் பிள்ளை என்று பேச்சு தடிக்கிற அளவுக்குப் போனது.

என் மகள் செய்தது ஒரு நிழல் இயந்திரம். ஒரு விளக்குப் பெட்டி, அதன் முன்னால் தகரத்தில் வெட்டிய ஒரு பெண் உருவம், இடுப்பிலும் முழங்காலிலும் மூட்டு, அடியில் காலை ஆட்டும் ஒரு மரச் சக்கரம், அதைச் சுழற்றச் சின்ன மோட்டார். உருவம் ஒரு கம்பியில் மெல்ல நகர்ந்துகொண்டே நடக்கும். அதன் நிழல் தெருவைத் தாண்டி எதிரே இருக்கும் குடோன் சுவரில் ஆள் உயரத்துக்குமேல் விழும். சுவரில் கட்ட வெள்ளைத் துணியை நான்தான் மூன்று அகலம் சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன்.

"ஏண்டி, அந்தக் கோடியில இதவிடப் பெரிய சுவர் இருக்கே?" என்று கேட்டேன்.

"அது உன் நாற்காலியிலேர்ந்து தெரியாது" என்றாள்.

நான்தான் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டேன் என்கிறேன். அவள் பள்ளிக்கூடத்தையே தூக்கிக்கொண்டு என் கடைக்கு எதிரே வந்துவிட்டாள்.

"யாரு அந்தப் பொம்பள? ராணியா?"

"அன்னைக்குப் பாரு. நீ பார்க்கறதுக்குத்தான் செஞ்சேன். நீ பார்க்கலன்னா நான் செஞ்சதே வேஸ்ட்."

அவ்வளவுதான் சொன்னாள். கொஞ்ச நாளாகவே வீட்டில் நான் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கும்போது அவள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்போனை எங்கே ஒளித்து வைக்கிறேன் என்று வேவு பார்க்கிறாள் என நினைத்து, நான் அதை அரிசி டப்பாவுக்கு மாற்றினேன்.

இயந்திரத்தை என் பக்கத்துக் கடையில் வைத்தார்கள். அது நிமிஷத்தின் கடை. வாட்ச் ரிப்பேர் செய்யும் அண்ணன் அவர். எந்த வேலை கொடுத்தாலும் "ஒரு நிமிஷம்" என்பார். போன மழைக்காலத்தில் கொடுத்த கடிகாரம் இந்த மழைக்காலத்தில் கைக்கு வரும். ஆனால் வந்தால் ஓடும். கண்காட்சிக்குச் சில நாள் முன்பே இயந்திரம் அவர் மேஜைக்கு வந்துவிட்டது. மகள் அதை வைத்துவிட்டு, "யாரும் தொடாதீங்க மாமா, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ரிப்பேர்த் தெருவில் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தொடாதீர்கள் என்கிறாள். பூனையிடம் மீனைக் காட்டிவிட்டுப் போன கதைதான்.

கண்காட்சி நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். மகள் யூனிஃபார்மோடு ஓடி வந்தாள். நிமிஷத்தின் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கி, உள்ளே இருட்டாக்கி, ஓட்டிப் பார்த்தாள். மோட்டார் முனகுவது எனக்குக் கேட்டது. பிறகு அது நின்றது. மறுபடி முனகியது. மறுபடி நின்றது. குனிந்து வெளியே வந்தவளின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்னடி ஆச்சு?"

அவளுக்குப் பின்னால் நிமிஷம் வந்தார். குடைக்காரரும், சார்ஜரும் வந்தார்கள். சார்ஜர் என்பது செல்போன் கடைத் தம்பி. யாராவது பேசினால்தான் அவன் முகத்தில் வெளிச்சம் வரும். மூன்று பேர் முகத்திலும், பிறந்தநாள் பரிசை வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களின் களை.

"எப்படி இருக்கு பாப்பா? நல்லா நடக்குதா?" என்றார் நிமிஷம்.

"என்ன பண்ணீங்க மாமா?"

"ஒண்ணும் பெருசா இல்ல. அந்த மரச் சக்கரம் ஒரு பக்கம் முட்டை மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதான் உருவம் நொண்டுது. உப்புத்தாள் வச்சு இழைச்சு, வட்டமா ஆக்கிட்டேன்."

"இடது கால் கம்பி வளைஞ்சிருந்துது. நான் நிமித்திட்டேன்" என்றார் குடைக்காரர். அவர் நிமிஷத்திடம் சொல்லாமல் செய்திருக்கிறார். நிமிஷம் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"மோட்டார் நடுநடுவுல நின்னு நின்னு போச்சுக்கா" என்று சார்ஜர் என்னிடம் முறையிட்டான். "ஒரே ஸ்பீடா ஓடற மாதிரி சின்னதா ஒரு சர்க்யூட் வச்சேன். காசெல்லாம் வேணாம்."

ஆளாளுக்கு ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், பிள்ளைக்கு உதவி செய்வதாக நினைத்து, கடை சாத்தும் நேரத்தில் கை வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போயிற்று.

"நான்தான் தொடாதீங்கன்னு சொன்னேனே."

"நீ சங்கோஜப்படறேன்னு நெனச்சோம் பாப்பா" என்றார் குடைக்காரர். "இப்ப எவ்ளோ அழகா, நேரா நடக்குது பாரு."

"அது நேரா நடக்கக் கூடாது."

மூன்று பேரும் விழித்தார்கள். ரிப்பேர்க்காரர்களிடம் போய் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னால் என்ன செய்வார்கள்? நிமிஷம் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "ஏன் கூடாது?" என்று நான்தான் கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அது நீம்மா."

தெருவில் அந்த நேரத்தில் எங்கோ ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. குடைக்காரர் தரையைப் பார்த்தார். சார்ஜர் கையிலிருந்த போனைப் பார்த்தான். எனக்கு உச்சந்தலையில் சுருக்கென்று ஏறியது.

"என் காலையா? என் காலைத்தான் இந்தத் தெரு பூரா பார்க்கற மாதிரி சுவர்ல ஏத்தப் பார்த்தியா? அதுக்குத் துணியும் என் கையாலேயே தைக்க வச்சியா?"

"அம்மா, அப்படி இல்ல..."

"வேற எப்படி? நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

கோபம் வந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. என்னென்னவோ சொன்னேன். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர் நடக்கறவங்கள வரையச் சொன்னாங்க. பஸ் ஸ்டாப்ல போய் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாரும் ஒரே மாதிரிதான்மா நடக்கறாங்க. யார வரைஞ்சாலும் யாரோ மாதிரிதான் வந்துது. உன்ன வரைஞ்சா மட்டும்தான் அது நீன்னு தெரிஞ்சுது. எனக்கு அது அழகா இருந்துது. அவ்ளோதான்."

நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பரவாயில்லம்மா. நேராவே நடக்கட்டும்" என்றாள். கண்ணைத் துடைக்கவில்லை, முனகவில்லை. துணியைக் கட்டுவதற்குக் கயிறு எடுக்கப் போய்விட்டாள்.

அந்தப் பரவாயில்லையை எனக்குத் தெரியும். அது என் சரக்கு. கல்யாண வீட்டில் கூட்டத்தோடு மாடியேற முடியாமல் கீழே உட்கார்ந்துகொண்டு, தேடி வந்தவர்களிடம் சிரித்த முகமாகச் சொல்வேனே, அது. என்னிடமிருந்து இவள் வேறெதையாவது எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா? என் மூக்கு நல்ல மூக்குதான்.

பக்கத்துக் கடையில் மூன்று பேரும் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாய்தான் ஓயவில்லையே தவிர, குரலைத் தாழ்த்தியிருந்தார்கள். நிமிஷம் செருப்பு அடி ரப்பரில் புதுச் சக்கரம் வெட்டினார். குடைக்காரர் கம்பியை வளைத்தார். ஓட்டிப் பார்த்தார்கள். நாற்காலியிலிருந்தபடியே சாய்ந்து, பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். உள்சுவரில் நிழல் குடித்துவிட்டு வருபவரைப் போல ஆடியது. மறுபடி வெட்டினார்கள். இப்போது காக்காய் போலத் தத்தியது. அடுத்தது, பேட்டரி தீர்ந்த பொம்மை.

"இப்படியா இருக்கும்?" என்று சார்ஜர் கேட்டான்.

"தெரியலயேப்பா" என்றார் நிமிஷம். "நான் பார்த்ததில்லயே."

எத்தனையோ வருஷமாகப் பக்கத்துக் கடை. பார்த்ததில்லையாம். யோசித்தால் உண்மைதான். எப்போதாவது நான் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனால், அவர் சட்டென்று குனிந்து கடிகாரத்துக்குள் நுழைந்துவிடுவார். குடைக்காரர் வானத்தைப் பார்ப்பார், வெயில் காலத்திலும். சார்ஜர் போனில் பேச ஆரம்பிப்பான். எல்லாம் மரியாதை. நான் எதை வேண்டாம் என்றேனோ அதைத் தெருவே பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. அதனால் இன்று இந்தத் தெருவில் என் நடையை அறிந்தவர் ஒருவர் இல்லை.

மகளுக்கு மட்டும் தெரியும். ஆனால் அவளும் அந்தச் சக்கரத்தை அளவெடுத்துச் செய்யவில்லை. என்னைப் பார்ப்பாள், கொஞ்சம் அரத்தால் தேய்ப்பாள், மறுபடி பார்ப்பாள். அப்படி நாள்கணக்கில் கண்ணாலேயே செய்தது. இப்போது குடோன் சுவரில் ஏணிமேல் நின்று துணியைக் கட்டிக்கொண்டிருந்தவள், என்னைக் கேட்டிருக்கலாம். ஒரு தடவை நட என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கடைகளில் நுழைந்தார்கள். பூந்தொட்டி எங்கோ தண்ணீர் கேட்டு முணுமுணுத்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் கால் என்றைக்கு ஓடியது? மெஷினில் பாதி தைத்த ஜிப்பு அப்படியே இருந்தது.

எழுந்தேன்.

"அண்ணே" என்றேன். "வெளிய வாங்க. எல்லாரும் வாங்க. நடக்கறேன், பார்த்துக்குங்க. ஆனா ஒண்ணு. இது யார் நடைன்னு ஒருத்தர் வாய்லேர்ந்தும் வரக்கூடாது. உனக்கும்தான்டி."

ஏணியிலிருந்து மகள் தலையாட்டினாள். அவசரத்தில் இரண்டு தடவை ஆட்டினாள்.

என் கடையிலிருந்து தெருக்குழாய் வரை நடந்தேன். திரும்பி வந்தேன். தெருவே நீருக்குள் இருப்பது போலச் சத்தம் அடங்கியிருந்தது. வெயில் மஞ்சளாக, சாய்வாக விழுந்திருந்தது. அதற்குள் தூசி மெல்ல மிதந்தது. விழித்திருக்கிறேனா, மெஷின்மேல் தலை வைத்துத் தூங்குகிறேனா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நிமிஷம் கடைப் படியில் உட்கார்ந்து என் இடுப்பைப் பார்த்தார். குடைக்காரர் குத்துக்காலிட்டுக் குதிகாலைப் பார்த்தார். கூச்சத்தில் செத்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது முறை திரும்பும்போதுதான் அவர்கள் முகத்தைக் கவனித்தேன். ஐயோ பாவம் என்பது அங்கே இல்லவே இல்லை. ஓடாத கடிகாரத்தின் மூடியைத் திறந்ததும் நிமிஷத்தின் முகத்தில் ஒரு ஆர்வம் வரும். அதுதான் இருந்தது.

"தோள் எறங்கறது முன்னாடியா, கால் படறது முன்னாடியா?" என்றார் நிமிஷம்.

"தோள்தான் முன்னாடி" என்றார் குடைக்காரர். "அப்புறம் இடுப்பு ஒரு சுத்து சுத்துது. அதுலதான் கால் முன்னால வருது."

"படறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கேப் இருக்கு. அந்த எடத்துலதான் மோட்டார் நிக்கணும்" என்றான் சார்ஜர். "அத நான்தான் எடுத்துத் தொலைச்சேன். அக்கா, இன்னொரு தடவ?"

"மெதுவா, தங்கச்சி."

"நான் என்ன பொம்மையா? சாவி குடுத்தா நடக்கறதுக்கு?" என்றேன். ஆனாலும் நடந்தேன்.

மகள் ஏணியிலிருந்து இறங்கி வந்து, ரப்பரையும் கத்தரியையும் நிமிஷத்தின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தெருவிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்துப் பார்த்து வெட்டினாள். "இங்க கொஞ்சம்" என்பார் ஒருவர். "வேணாம், அதிகமாயிடும்" என்பாள் அவள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ரிப்பேர்த் தெருவின் பெரிய கைகள் எல்லாம் அவளைச் சுற்றிக் குனிந்து, ஒரு கோணல் சக்கரம் சரியாகக் கோணுகிறதா என்று கவலைப்பட்டன. எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் எண்ணாமல் விட்டுவிட்டேன், கூச்சப்படவும் மறந்துவிட்டேன்.

இருட்டத் தொடங்கியதும் டீச்சர் கைதட்டினார். தெருவிளக்குகளை அணைத்தார்கள். கடைகள் ஒவ்வொன்றாக விழித்தன. பூட்டுகளில் வரைந்த முகங்கள் பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் கண்ணைத் திறந்தன. பழைய தண்ணீர்க் குழாய்களைச் சேர்த்து ஒரு பெண் செய்த வாத்தியம் ஆழத்திலிருந்து வருவது போல ஊதியது. எங்கள் தெருவா இது என்று இருந்தது. பழக்கப்பட்ட எண்ணெய் நாற்றம்கூட இருந்தது. ஆனால் அது வேறு எங்கிருந்தோ வருவது போலிருந்தது. இரண்டு தெரு ஜனமும் வந்திருந்தார்கள். பெரிய கண்காட்சிக்கு அனுப்ப ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காகக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சாரும் ஒரு மேடமும் வந்திருந்தார்கள். நான் என் நாற்காலியில் இருந்தேன்.

பக்கத்துக் கடையில் மோட்டார் முனகியது. கூட்டம் நடுவில் விட்டிருந்த வழியே வெளிச்சம் போய்த் துணியில் விழுந்தது. துணியின் ஓரத்திலிருந்து அவள் வந்தாள்.

கையில் ஒரு பை. தோள் இறங்கியது. இடுப்பு ஒரு சுற்று சுற்றியது. கால் வந்து, படுவதற்கு முன் ஒரு கணம் நின்று, பிறகு பட்டது. உடம்பு மேலெழுந்தது. மறுபடி தோள் இறங்கியது. அவசரமில்லாமல், யாரையும் பார்க்காமல், ஏதோ யோசனையில் போகிறவள் போலப் போனாள். படகு போவது போலிருந்தது. குழந்தைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அருகில் நின்ற ஒருத்தி தன் கைக்குழந்தையின் முகத்தைத் துணியின் பக்கம் திருப்பினாள்.

நான் நடந்து நான் பார்த்ததில்லை. பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அதை வைத்து நானே ஒரு நடையை மனதுக்குள் செய்து வைத்திருந்தேன். சகிக்காத நடை. அதைத் தூக்கிக்கொண்டுதான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன். இப்போது துணியில் போகிறவளைப் பார்க்கிறேன். இவ்வளவுதானா? இதற்காகவா அத்தனை தலைவலி, அத்தனை மழை? எனக்கு அழுகை வந்தது. கூடவே என் மேலேயே எரிச்சலும் வந்தது.

அலுவலகத்து சார் இயந்திரத்தின் அருகே வந்து குனிந்து பார்த்தார். "ரொம்ப அருமையா செஞ்சிருக்கேம்மா" என்றார். "ஆனா நடை கொஞ்சம் நொண்டுதே. சக்கரத்துல ஏதோ கோளாறு போல. இத்தனை ரிப்பேர் கடை இருக்கு, யார்கிட்டயாவது காட்டியிருக்கலாமே?"

"காட்டியாச்சுங்க" என்றார் நிமிஷம். "தெருவே சேர்ந்து பார்த்தாச்சு. கோளாறு ஒண்ணும் இல்ல."

"இல்ல, நொண்டுதே..."

"அது அப்படித்தாங்க" என்றார் குடைக்காரர். அவர் யாரிடமும் அவ்வளவு கறாராகப் பேசி நான் கேட்டதில்லை.

மேடம் மகளிடம் திரும்பினார். "வேணும்னேதான் இப்படி வச்சியாம்மா? ஏன்? யாராவது ஒருத்தங்கள மனசுல வச்சு செஞ்சியா?"

மகள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"சொல்லும்மா. எதுக்குக் கேக்கறேன்னா, இதப் பத்தி நாங்க எழுதணும்ல?"

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கேள்வி கேட்டால் மூச்சுவிடாமல் பதில் சொல்கிற பெண். டீச்சர் அவளுக்கு ஜாடை காட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நிமிஷம் கடிகாரத்துக்குள் நுழைந்தார். குடைக்காரர் வானத்தைப் பார்த்தார். சார்ஜர் யாரும் கூப்பிடாத போனைக் காதில் வைத்துக்கொண்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், பாவிகள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

"சும்மா தோணிச்சு மேடம்" என்றாள் மகள் கடைசியில். கண் நிறைந்திருந்தது. "பரவாயில்ல."

போதும் என்று தோன்றியது எனக்கு. அந்த வார்த்தையை இவள் இனிமேல் சொல்லக் கூடாது.

எழுந்து வெளியே வந்தேன். கூட்டம் நெருக்கமாக நின்றது. "கொஞ்சம் வழி விடுங்க" என்றேன். திரும்பிப் பார்த்தார்கள், விலகினார்கள். இறங்கி, சுற்றி, நின்று, ஊன்றி, வெளிச்சத்துக்குள் வந்துவிட்டேன். துணியில் எனக்குப் பெரிய நிழல் விழுந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் போய்க்கொண்டிருந்தாள். கூட்டத்தில் யாரோ மெதுவாக மூச்சை இழுத்தார்கள். அலுவலகத்து சார் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

மகள் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். என் வலது செருப்பு அழுத்தமாகவும், இடது செருப்பு லேசாகவும், நடுவில் ஒரு சின்ன இழுப்போடும் தெருவில் சத்தம் எழுப்பிக்கொண்டு வந்தன. அவள் நிமிர்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே மேடத்திடம் சொன்னாள்.

"எங்கம்மா வர்றாங்க."